ஆணி இல்லாத பாறை

நுழையும்முன்

பாறையில் ஏறுவதற்குக் கையும் காலும் போதும். தவறி விழுந்தால் உயிர் பிழைப்பதற்குக் கயிறும் அக்கயிற்றைத் தாங்கும் பிடிப்பும் வேண்டும். அந்தப் பிடிப்பைப் பாறையில் நிலையாகப் பதித்து வைக்கலாமா, கூடாதா என்பது பிரிட்டனில் பல பத்தாண்டுகளாகத் தொடரும் வழக்கு. ஒரு தாயின் அச்சத்தில் தொடங்கும் இக்கட்டுரை, அவ்வழக்கின் இரு பக்கங்களையும் நம்முன் வைக்கிறது.

வாக்குறுதி

காலாண்டுத் தேர்வு விடைத்தாள்களைத் திருத்தி முடித்து எழுந்த ஓர் அக்டோபர் மாத ஞாயிற்றுக்கிழமை இரவில் அந்தத் தொலைபேசி அழைப்பு வந்தது. பேசியவர் என் மகளின் தோழி. இங்கிலாந்தின் ஷெஃபீல்டு நகரில் உலோகவியல் ஆராய்ச்சி மாணவியாக இருக்கும் என் மகள், நகருக்கு வெளியே உள்ள ஸ்டானேஜ் என்னும் பாறை விளிம்பில் ஏறும்போது விழுந்துவிட்டாள், கணுக்கால் முறிந்திருக்கிறது, உயிருக்கு ஆபத்தில்லை. இவ்வளவையும் அந்தப் பெண் நிதானமாகச் சொல்லி முடித்தார். கடைசியாகச் சொன்னதை முதலில் சொல்லியிருக்கலாமே என்று என் மனம் அடித்துக்கொண்டது.

விழுந்த விதத்தை மகளே பிறகு விளக்கினாள். தரையிலிருந்து பன்னிரண்டு மீட்டர் உயரத்தில் அவள் கை வழுக்கியது. அவளுக்கு இரண்டு மீட்டர் கீழே, பாறைப் பிளவு ஒன்றில் அவளே செருகிய ஓர் உலோக ஆப்பு இருந்தது. அது தாங்கியிருந்தால் நான்கு மீட்டர் விழுந்து கயிற்றில் தொங்கியிருப்பாள். ஆனால், அந்த ஆப்பு பிடுங்கிக்கொண்டு வந்துவிட்டது. அதற்கும் இரண்டரை மீட்டர் கீழே இருந்த மற்றோர் ஆப்புதான் தாங்கியது. அதற்குள் விழும் தொலைவு ஒன்பது மீட்டராகிவிட்டது. நான்கு மீட்டர் உயரத்தில் துருத்திக்கொண்டிருந்த பாறைத்திட்டில் அவளுடைய கால் மோதியது. எளிய கணக்குதான். தமிழாசிரியையான நானும் அதைப் பல இரவுகள் போட்டுப் பார்த்தேன். ஒவ்வொரு முறையும் அதே விடைதான் வந்தது.

அடுத்த ஆண்டு மே மாத விடுமுறையில் ஷெஃபீல்டு சென்றேன். அப்போது அவள் ஊன்றுகோலை விட்டு நடக்கத் தொடங்கியிருந்தாள். அவளுடைய கட்டிலுக்கு அடியில் ஒரு தகரப்பெட்டி இருந்தது. திறந்து பார்த்தேன். சுண்டுவிரல் நகத்தளவிலிருந்து தீப்பெட்டியளவு வரை, கம்பி கோத்த உலோக ஆப்புகள் வரிசையாக அடுக்கப்பட்டிருந்தன. அவற்றில் எது அன்று அவளைக் கைவிட்டது என்று கேட்க நா எழவில்லை.

“இனிமேல் ஆணி அடித்த பாறையில் மட்டுமே ஏறுவேன் என்று எனக்கு வாக்குக் கொடு” என்றேன்.

“ஏறவே கூடாது என்று சொல்ல மாட்டாயா அம்மா?”

“சொன்னால் கேட்பாயா?”

அவள் சிரித்தாள். பிறகு என் கையைப் பற்றி, “வாக்குக் கொடுக்கிறேன். ஆனால், இந்த நாட்டில் அப்படிப்பட்ட நல்ல பாறையைத் தேடிக் கண்டுபிடிப்பது எளிதன்று. தேடும்போது நீயும் உடன் வர வேண்டும்” என்றாள். அந்தக் கோடை விடுமுறை முழுவதும் நான் பாறை தேடி அலைந்த கதை இவ்வாறு தொடங்கியது.

இருவகை ஏற்றம்

தேடப் புறப்படுவதற்கு முன் தேடுவது இன்னதென்று அறிய வேண்டுமல்லவா? மகள் எனக்குப் பாடம் நடத்தினாள்.

கயிறு கட்டிப் பாறை ஏறுவதில் இருவகை உண்டு. முதல்வகை மரபுவழிப் பாறையேற்றம். இதில் முன்னே ஏறுபவர் இடுப்புக் கச்சையில் ஆப்புகளைத் தொங்கவிட்டுக்கொண்டு புறப்படுகிறார். வழியில் தென்படும் பிளவுகளில் அளவு பார்த்து ஆப்பைச் செருகி, அதில் கயிற்றைக் கோத்துக்கொண்டே மேலேறுகிறார். கீழே நிற்பவர் கயிற்றின் மறுபகுதியைப் பிடித்திருக்கிறார். முன்னவர் உச்சியை அடைந்ததும் பின்னவர் ஏறத் தொடங்கி, ஒவ்வோர் ஆப்பையும் கழற்றிக்கொண்டே போகிறார். இருவரும் போனபின் பாறை முன்பிருந்தபடியே இருக்கிறது. அங்கு ஒருவர் வந்துபோனார் என்பதற்குச் சுவடே இல்லை.

இரண்டாம்வகை விளையாட்டுப் பாறையேற்றம். இதில் வழி அமைப்பவர் முதலில் பாறையைத் துளையிட்டு, போல்ட் எனப்படும் எஃகாணிகளைப் பொதுவாக இரண்டு மூன்று மீட்டர் இடைவெளியில் நிலையாகப் பதித்துவிடுகிறார். பின்னால் வருபவர்கள் அந்த ஆணிகளில் கொக்கியை மாட்டி, கொக்கியில் கயிற்றைக் கோத்து ஏறலாம். ஆப்பை எங்கே செருகுவது, அது தாங்குமா என்னும் கவலை இல்லை. உடலின் ஆற்றலையும் அசைவின் நுட்பத்தையும் மட்டும் எண்ணி ஏறலாம். 2020ஆம் ஆண்டுக்குரிய டோக்கியோ ஒலிம்பிக் போட்டிகளில் முதன்முதலாக இடம்பெற்ற ‘விளையாட்டுப் பாறையேற்றம்’, செயற்கைச் சுவர்களில் நடத்தப்பட்டாலும், இந்த மரபிலிருந்து கிளைத்ததே.

பிரான்சிலும் ஸ்பெயினிலும் கிரேக்கத் தீவுகளிலும் ஆணி பதித்த பாறைகள் ஏராளம். பிரிட்டனிலோ மரபுவழியே முதன்மை பெற்றது. கருங்கல்லிலும் எரிமலைப் பாறையிலும் கடலோரச் செங்குத்துகளிலும் பெரும்பாலும் ஆணியைக் காண இயலாது. “ஆணிகள் உள்ள இடங்கள் ஆங்காங்கே சிதறிக் கிடக்கின்றன. அவற்றிலும் நல்லவற்றைப் பொறுக்கியெடுக்க வேண்டும்” என்றாள் மகள்.

விளிம்பில் ஒரு வழக்கு

“முதலில் நீ விழுந்த இடத்தைக் காட்டு” என்றேன்.

ஸ்டானேஜ், ஐந்து கிலோமீட்டருக்கும் மேலாக நீளும் பாறை விளிம்பு. கிரிட்ஸ்டோன் என்னும் சொரசொரப்பான மணற்பாறையால் ஆனது. ஹீதர் என்னும் குறுஞ்செடிகள் அடர்ந்த மேட்டுநிலம் திடீரென முறிந்து, இருபது மீட்டர் அளவுக்குச் சுவராக இறங்குகிறது. அடிவாரத்தில், முற்காலத்தில் அங்கேயே செதுக்கப்பட்டு விற்கப்படாமல் போன திரிகைக்கற்கள் பாசி படர்ந்து கிடக்கின்றன. அத்தகைய திரிகைக்கல்லே அப்பகுதியின் தேசியப் பூங்காவுக்குச் சின்னமாகியிருக்கிறது. 1951ஆம் ஆண்டு பிரிட்டனின் முதல் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்ட பீக் மாவட்டம் அது. அங்கே ஒரு பாறைப்பகுதியில் ஏறாமல் விலகிச் செல்லுமாறு அறிவிப்பு இருந்தது. ‘ரிங் ஊசல்’ என்னும் மலைப்பறவை கூடு கட்டியிருந்ததே காரணம். அவ்வளவு கூட்டத்தில் ஒருவரும் அந்தப் பக்கம் கால் வைக்கவில்லை.

மகளுக்கு அறிமுகமான முதியவர் ஒருவர் அங்கே இருந்தார். எழுபது வயதைக் கடந்தவர். அரை நூற்றாண்டாகப் பாறையேறுபவர். மலை மீட்புக் குழுவில் தன்னார்வலராகப் பணியாற்றி, அன்று மகளைத் தூக்குப்படுக்கையில் சுமந்து இறங்கியவர்களுள் அவரும் ஒருவர் என்று அறிந்து கைகூப்பினேன். நன்றி சொல்லத்தான் வாயெடுத்தேன். ஆனால், வெளிவந்தது வேறு.

“இந்தப் பாறையில் பத்து ஆணிகள் அடித்திருந்தால் என் மகளுடைய கால் முறிந்திருக்காதே! இதை ஏன் நீங்கள் செய்யவில்லை?”

அவர் சினம் கொள்ளவில்லை. பாறையருகே அழைத்துச் சென்று ஒரு பிளவைக் காட்டினார். “அம்மா, இதைப் பாருங்கள். விரல் நுழையும் அளவில் தொடங்கி, கை நுழையும் அளவுக்கு விரிகிறது. ஆப்பைத் தாங்குவதற்கென்றே அமைந்ததுபோல் இருக்கிறது. என் இளமைக்கு முன்பு இங்கே ஏறியவர்கள் இதில் கூழாங்கல்லைச் செருகி அதில் கயிற்றைச் சுற்றினார்கள். பிறகு வேல்ஸ் நாட்டின் ஸ்னோடன் மலை இரயில்பாதை ஓரம் கிடந்த இயந்திர நட்டுகளைப் பொறுக்கி, அவற்றின் துளையில் கயிறு கோத்துப் பயன்படுத்தினார்கள். 1960களில்தான் இதற்கென்றே செய்த ஆப்புகள் விற்பனைக்கு வந்தன. கூழாங்கல் காலத்தில் ஏறிய வழியில், அதே பாறையில், அதே பிளவில் இன்றும் ஏறுகிறோம். நாளை உங்கள் பேத்தியும் ஏறுவாள். துளையிட்டால் அதை மீண்டும் பாறையாக்க நம்மால் இயலுமா?”

“பாறையின் தோலுக்கு இருக்கும் மதிப்பு, என் மகளின் எலும்புக்கு இல்லையா?”

அவர் சற்று நேரம் பேசவில்லை. “நியாயமான கேள்விதான். இதற்கு முழுமையான விடை என்னிடம் இல்லை” என்றார்.

மறுமொழி சொல்லி என்னை மடக்கியிருந்தால் நான் அத்துடன் அவரை விட்டு விலகியிருப்பேன். விடை இல்லை என்று அவர் ஒப்புக்கொண்டதால், அவர் சொல்வதைக் கேட்க எனக்கு மனம் வந்தது.

அன்று மாலை அவர் ஜோ பிரவுனைப் பற்றிச் சொன்னார். மான்செஸ்டர் நகரின் உழைக்கும் குடும்பம் ஒன்றில் பிறந்து, குழாய்ப்பணி கற்று, இந்தக் கிரிட்ஸ்டோன் விளிம்புகளிலேயே பாறையேறப் பழகியவர் ஜோ பிரவுன். 1955ஆம் ஆண்டு மே 25 அன்று, உலகின் மூன்றாவது உயரமான கஞ்சன்ஜங்காவில் அவரும் ஜார்ஜ் பேண்டும் முதன்முதலாக ஏறினர். ஆனால், உச்சியை மிதிக்கவில்லை. அம்மலையைப் புனிதமாகக் கருதும் சிக்கிம் மக்களுக்காக அந்நாட்டு மன்னருக்கு அளித்த வாக்கின்படி, உச்சிக்குச் சில அடி கீழேயே நின்று திரும்பினர். “எட்டாயிரத்து ஐந்நூறு மீட்டருக்குமேல் ஏறியவர்களுக்குக் கடைசிச் சில அடி பெரிதன்று. ஏற முடிந்தும் ஏறாமல் நிற்கலாம் என்று அவர்கள் காட்டினார்கள். ஆணி அடிக்க முடிந்தும் அடிக்காமல் இருப்பதை நாங்கள் அப்படித்தான் எண்ணுகிறோம்” என்றார் முதியவர்.

வாக்கு என்னும் சொல் என் செவியில் நின்றது. நானும் ஒருத்தியிடம் வாக்கு வாங்கியிருந்தேனே!

ஆணி தகும் இடம்

“சனிக்கிழமை என்னுடன் வாருங்கள்” என்று சொல்லிப் பிரிந்தார் முதியவர். அவர் அழைத்துச் சென்ற இடம், ஸ்டோனி மிடில்டன் என்னும் சிற்றூருக்கு அருகிலுள்ள ஹார்ஸ்ஷூ குவாரி. பெயருக்கேற்பக் குதிரை லாட வடிவில் வெட்டப்பட்டுக் கைவிடப்பட்ட சுண்ணாம்புக்கல் குவாரி. 1944இல் தோன்றிய பிரிட்டிஷ் மலையேற்றக் கழகம் அதை வாங்கிப் பாறையேறுவோருக்காகப் பராமரிக்கிறது.

அங்கே நான் கண்ட காட்சி என்னைத் திகைக்க வைத்தது. ஸ்டானேஜில் ஓர் ஆணியும் கூடாது என்று வாதிட்ட அதே முதியவர், தலைக்கவசம் அணிந்து கயிற்றில் தொங்கியபடி, துளையிடும் கருவியால் பாறையைத் துளைத்துக்கொண்டிருந்தார். துருவேறிய பழைய ஆணிக்குப் பக்கத்தில் புதிய ஆணியைப் பதிப்பதற்கான வேலை. துளையிட்டார்; துளைக்குள்ளிருந்த தூசியை ஊதி வெளியேற்றினார்; தூரிகையால் தேய்த்தார்; மீண்டும் ஊதினார். பிசினைச் செலுத்தி ஆணியைச் சுழற்றி உள்ளே அழுத்தினார். பிசின் இறுகும் வரை அதில் எவரும் கொக்கி மாட்டாதபடி அடையாளம் கட்டினார். இவ்வேலைக்கு அவர் கூலி பெறுவதில்லை. ஆணிகளுக்கான செலவு பெரும்பாலும் ஏறுபவர்கள் தரும் நன்கொடையிலிருந்து கிடைக்கிறது.

இறங்கி வந்தவரிடம், “அங்கே கூடாதது இங்கே எப்படித் தகும்?” என்று கேட்டேன்.

“இங்கே பிளவு எங்கே இருக்கிறது, காட்டுங்கள்” என்றார்.

பார்த்தேன். வழவழப்பான சாம்பல்நிறச் சுவர். விரல்நுனி பதியும் சிறு விளிம்புகள் இருந்தன. ஆப்பு நுழையும் பிளவு கண்ணில் படவில்லை. ஆணி இல்லையேல் அங்கே கயிறு இருந்தும் பயனில்லை. மேலும் அது இயற்கை தந்த முகம் அன்று. வெடிமருந்து வைத்துத் தகர்க்கப்பட்ட முகம். காயப்பட்ட பாறைக்கு இரண்டாவது வாழ்வு கொடுப்பதாக அவர் கருதுகிறார். எந்தப் பாறையில் ஆணி தகும், எதில் தகாது என்பதை அரசு ஆணையிடுவதில்லை. அந்தந்தப் பகுதியில் ஏறுபவர்கள் கூடிப் பேசி முடிவு செய்கிறார்கள். 1980களில் இவ்விவாதம் கடுமையாக இருந்தது; ஒருவர் பதித்த ஆணியை மற்றொருவர் பிடுங்கிய நிகழ்வுகளும் உண்டு. இன்றும் விவாதம் ஓயவில்லை. ஆனால், கிரிட்ஸ்டோனில் ஆணி இல்லை, பிளவற்ற சுண்ணாம்புப் பாறையிலும் பழைய குவாரிகளிலும் ஆணி உண்டு என்னும் பொது வழக்கு நிலைபெற்றுவிட்டது.

என் மனத்திலிருந்த வழக்கின் உருவம் அன்று மாறியது. ஒரு பக்கம் பிடிவாதம், மறுபக்கம் பாதுகாப்பு என்று நான் எண்ணியிருந்தேன். இரண்டும் ஒரே மனிதரின் இரு கைகளில் இருப்பதைக் கண்டேன்.

நல்ல பாறை எது?

அதன்பின் மூன்று வாரங்கள் தேடினோம். இரவில் வழிகாட்டி நூல்களை விரித்துப் படிப்போம். வார இறுதியில் இரயிலிலும் நண்பர்களின் காரிலும் செல்வோம். பிரிட்டனில் இவ்வழிகாட்டி நூல்கள் ஒரு தனி இலக்கிய வகையெனலாம். ஒவ்வொரு பாறைக்கும் படம், ஒவ்வொரு வழிக்கும் பெயர், முதலில் ஏறியவர், ஏறிய ஆண்டு, கடினத்தின் அளவு எல்லாம் அவற்றில் உண்டு. கடினத்தைக் குறிக்கும் எண்முறையே வழியின் வகையைக் காட்டிக்கொடுத்துவிடும். மரபுவழிக்குப் பிரிட்டனின் சொந்த அளவுமுறை. ஆணி பதித்த வழிக்குப் பிரெஞ்சு அளவுமுறை.

முதலில் யார்க்‌ஷயரில் உள்ள மாலம் கோவ் சென்றோம். ஏறத்தாழ எண்பது மீட்டர் உயரத்தில் அரைவட்டமாக வளைந்து நிற்கும் வெண்சுண்ணாம்புச் சுவர் அது. பனியூழிக் காலத்தின் முடிவில் உருகிய நீர் அருவியாக விழுந்து அதை வடித்ததாம். நெடுங்காலம் வறண்டிருந்த அந்த விளிம்பில் 2015 டிசம்பரில் பெய்த புயல்மழையின்போது மீண்டும் அருவி விழுந்ததை மக்கள் திரண்டு கண்டனராம். உலகத் தரத்தில் மிகக் கடினமான வழிகள் சில அங்கே உள்ளன. அண்ணாந்து பார்த்த மகள், “இது தேர்ந்தவர்களின் இடம். முறிந்த காலுடன் மீண்டு வருபவளுக்கு உரியதன்று” என்றாள். புகழ்பெற்ற இடம் எல்லார்க்கும் நல்ல இடம் ஆகிவிடாது என்பது முதற்பாடம்.

அடுத்து வடக்கு வேல்ஸின் தினார்விக் சிலேட்டுக் குவாரி. ஒரு காலத்தில் உலகின் மிகப்பெரிய சிலேட்டுக் குவாரிகளுள் ஒன்றாக இருந்து, 1969இல் மூடப்பட்டது. அப்பகுதியின் சிலேட்டு நிலக்காட்சி 2021இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் இடம்பெற்றது. படிப்படியாக வெட்டப்பட்ட ஊதாநிற மலையில், தொழிலாளர்கள் நடந்த தடங்களின் ஓரத்தில் ஆணி பதித்த வழிகள் இருந்தன. மழை நின்றதும் சிலேட்டு விரைவில் காய்ந்துவிடும் என்பது அதன் சிறப்பு. ஆனால், சில பகுதிகளில் கற்கள் பெயர்ந்து விழும். நாங்கள் நின்றிருந்தபோதே எங்கோ மேலே கல் ஒன்று உருண்டு, அதன் ஒலி குவாரி முழுவதும் எதிரொலித்தது. நான் மகளின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

இப்படித் தேடித் தேடி, நல்ல பாறைக்கு ஓர் இலக்கணம் எங்களுக்குள் உருவாயிற்று. கல் உறுதியாக இருக்க வேண்டும். ஆணி பதித்த காலமும் அதன் உலோகமும் தெரிந்திருக்க வேண்டும். முதல் ஆணி எட்டும் உயரத்தில் இருக்க வேண்டும்; இல்லையேல் அதை எட்டும் முன்பே விழுந்தால் தரைதான். வழியின் உச்சியில் கயிற்றைக் கோத்து இறங்க, ஒன்றோடொன்று பிணைத்த இரண்டு பிடிப்புகள் வேண்டும். இருபது மீட்டர் வழிக்கு நாற்பது மீட்டருக்கும் கூடுதலான கயிறு வேண்டும். அதன் முனையில் முடிச்சு வேண்டும். நிலவுடைமையாளரின் இசைவு வேண்டும். வசந்தத்தில் அங்கே கூடு கட்டும் பறவைகள் உண்டா என்று பார்த்துக்கொள்ள வேண்டும். இவை எல்லாவற்றிற்கும் மேலாக, அந்த இடத்தைப் பேணும் மனிதர்கள் இருக்க வேண்டும்.

கடலோரச் சோதனை

இவ்விலக்கணத்துக்குப் பொருந்திய இடமாக நாங்கள் தேர்ந்தது, இங்கிலாந்தின் தென்கரையில் உள்ள போர்ட்லாந்து. செசில் எனப்படும் நீண்ட கூழாங்கல் கரையால் நிலப்பகுதியோடு இணைந்திருக்கும் சுண்ணாம்புத் தீவு அது. 1666ஆம் ஆண்டின் பெருந்தீயில் இலண்டன் எரிந்தபின், கிறிஸ்டோபர் ரென் எழுப்பிய புனித பவுல் பேராலயத்துக்குக் கல் தந்த தீவு. வெட்டிய குவாரிகளும் கடலை நோக்கிய செங்குத்துகளுமாக அத்தீவின் விளிம்புகளில் ஆணி பதித்த வழிகள் நூற்றுக்கணக்கில் உள்ளன. தொடக்க நிலையினர் ஏறத்தக்க எளிய வழிகளும் உண்டு. தேர்ந்தவர்களுக்கான கடின வழிகளும் உண்டு. வெயில் முகம், நிழல் முகம் என நேரத்துக்கேற்ப இடம் மாறிக்கொள்ளலாம்.

முதல்நாள் காலை, மகள் ஏறுவதற்கு முன் ஒவ்வோர் ஆணியையும் கூர்ந்து பார்த்தாள். அவளுடைய படிப்பு அங்கே பயன்பட்டது. ஷெஃபீல்டு நகரில்தான் 1913ஆம் ஆண்டு ஹாரி பிரியர்லி துருப்பிடிக்காத எஃகை உருவாக்கினார். அந்த எஃகும் கடற்காற்றில் என்றென்றும் நிலைத்திருக்கும் என்று சொல்ல முடியாது. காற்றிலுள்ள உப்பு எஃகின் உள்ளே நுண்வெடிப்புகளை உண்டாக்கலாம். வெளியே துரு தெரியாமலேயே ஆணி வலுவிழக்கலாம். அதனால்தான் கடற்பாறைகளில் உயர்தர எஃகையோ டைட்டானியத்தையோ நாடுகிறார்கள். பழையவற்றை மாற்றிக்கொண்டே இருக்கிறார்கள். “நல்ல ஆணி ஒன்று இரண்டு டன்னுக்கும் மேற்பட்ட விசையைத் தாங்கும் அம்மா. ஆனால், நல்லதா என்று யாரோ ஒருவர் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும்” என்றாள்.

ஆணி என்றால் அச்சமில்லை என்று நம்பி வந்த எனக்கு இது புதிய செய்தி. நான் வாங்கிய வாக்கு எஃகின்மீது கட்டியதன்று. முகம் தெரியாத ஒருவரின் பொறுப்புணர்வின்மீது கட்டியது.

தோழி கயிறு பிடித்தார். மகள் ஏறினாள். முதல் ஆணி, இரண்டாம் ஆணி, மூன்றாம் ஆணி. கொக்கி மாட்டும் ஒலி ஒவ்வொன்றும் எனக்குக் கோயில்மணிபோல் இருந்தது. ஐந்தாம் ஆணியைக் கடந்து ஒரு மீட்டர் ஏறியதும் அவள் நின்றுவிட்டாள். வலக்கால் நடுங்குவது கீழிருந்தே தெரிந்தது. முறிந்த கால் அது. மேலே ஏறவும் முடியவில்லை. கீழே இறங்கவும் முடியவில்லை. கடல் இரைந்துகொண்டிருந்தது. “விழப்போகிறேன்” என்று தெளிவாகச் சொன்னாள், விழுந்தாள்.

நான் கண்ணை மூடவில்லை. இரண்டு மீட்டர், அதன்மேல் கயிறு நீண்ட அளவு, அவ்வளவுதான். கயிறு இறுகியது. அவள் சுவரோரம் ஆடி நின்றாள். என் வாயிலிருந்து எழுந்த ஒலியைக் கேட்டு, பக்கத்தில் ஏறிக்கொண்டிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். மகள் குனிந்து என்னைப் பார்த்துச் சிரித்தாள். எட்டு மாதமாக நான் காணாத சிரிப்பு அது. ஓய்வெடுத்து மீண்டும் ஏறி உச்சிப் பிடிப்பைத் தொட்டாள். அன்று மாலைக்குள் அதே இடத்தில் மேலும் இருமுறை விழுந்தாள். மூன்றாம் முறை விழுந்தபோது நான் தேநீர் ஊற்றிக்கொண்டிருந்தேன்.

திரும்பக் கொடுத்தது

ஊருக்குத் திரும்புவதற்கு முந்திய மாலை, என்னை மீண்டும் ஸ்டானேஜுக்கு அழைத்துப் போகச் சொன்னேன். தகரப்பெட்டியையும் எடுத்துவரச் சொன்னபோது மகள் வியப்புடன் பார்த்தாள்.

பாறையின் அடியில், முழங்கால் உயரத்தில் இருந்த ஒரு பிளவைக் காட்டி, “இதில் எப்படிச் செருகுவாய் என்று எனக்குச் சொல்லிக் கொடு” என்றேன். நான் முதலில் எடுத்த ஆப்பு பெரிது, நுழையவில்லை. அடுத்தது சிறிது, இழுத்ததும் கையோடு வந்தது. அது கையில் வந்த நொடியில் என் வயிறு குளிர்ந்தது. மகள் பொறுமையாகச் சொன்னாள்: “அவசரப்படாதே அம்மா. பிளவு எங்கே குறுகுகிறது என்று பார். குறுகும் இடத்துக்கு மேலே ஆப்பை வைத்து, கீழ்நோக்கி இழு. ஆப்பின் இரு பக்கமும் கல்லோடு நன்றாகப் படிந்திருக்க வேண்டும். அன்று நான் களைத்திருந்தேன். ஒரு பக்கம்தான் படிந்திருந்தது. பார்த்தும், போதும் என்று மேலே போனேன்.”

அந்தச் செய்தியை அவள் அதுவரை என்னிடம் சொன்னதில்லை. நானும் பாறையையே குற்றம் சொல்லிக்கொண்டிருந்தேன்.

மூன்றாவது ஆப்பு பொருந்தியது. அதன் கம்பியில் கயிற்று வளையத்தை மாட்டி, முதலில் கையால் இழுத்தேன். பிறகு பாறையில் காலை ஊன்றி, உடலின் முழு எடையையும் கொடுத்துப் பின்னால் சாய்ந்தேன். தாங்கியது. ஐம்பத்து நான்கு வயதில், கல்லுக்கும் எனக்கும் நடுவே நானே அமைத்த ஒரு பிடிப்பில் நான் தொங்கினேன். தரையிலிருந்து அரையடி உயரத்தில்தான்.

“நீ கொடுத்த வாக்கை உனக்கே திருப்பித் தருகிறேன். இனி எங்கே ஏறலாம் என்பதை நீயே முடிவு செய். ஆனால், களைத்திருக்கும்போது ‘போதும்’ என்று சொல்லாதே” என்றேன்.

அவள் உடனே எதுவும் சொல்லவில்லை. நான் செருகிய ஆப்பை மெல்லக் கழற்றி, மண்ணைத் துடைத்து, பெட்டியில் அதன் இடத்தில் வைத்தாள். “இன்னும் ஓராண்டுக்குப் போர்ட்லாந்துதான் அம்மா. கால் உறுதிப்பட்ட பிறகு இங்கே வருவேன்” என்றாள்.

புறப்படும் முன் அந்தப் பிளவை ஒருமுறை தடவிப் பார்த்தேன். நான் அங்கே தொங்கியதற்கு அடையாளம் ஏதும் இல்லை.